சங்கிலிமுத்து குடிக்கவில்லை

1

இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்குச் சொல்லப்பட்டது. தாயில்பட்டியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கும் வள்ளித்தாய் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காப்பியைக் கலந்து எடுத்துக்கொண்டு அவள் வாசலில் போய் உட்காருவேன். அவள் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருப்பாள். ஒருநாள் கை நிற்காமல், முகத்தையும் நிமிர்த்தாமல் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரவுக ஒரு தீவாளி சீசன் பூரா குடிகாரனா நடிச்சாக டீச்சர்."

"எதுக்கு?"

"சாகக் கூடாதுன்னு."

நான் அந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்பு நடந்தது அது. அன்று இருட்டும்வரை அவள் சொன்னாள். எழுந்திருக்கும்போது, "நீங்க பத்திரிகைல எழுதுவீகளாமே. எழுதறதுன்னா எழுதுங்க. அவுகளக் கோமாளியா மட்டும் ஆக்கிறாதீக" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பயந்துதான் தலைப்பிலேயே உண்மையைப் போட்டுவிட்டேன். சங்கிலிமுத்து குடிக்கவில்லை. குடித்தாரா இல்லையா என்று வாசகரை ஓடவிட்டுப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தீபாவளி நெருங்கியபோது சிவகாசி வட்டாரப் பட்டாசுக் கம்பெனிகள் ஆர்டர்களை முடிக்க—"

செய்தித்தாள் வாடை அடித்தது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது:

"எங்கள் ஊரில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. வெடிக்குள் போவதும் மருந்து, வாய்க்குள் போவதும்—"

(இதை எழுதியதும் எனக்கு என்னையே பிடித்துப்போயிற்று. அங்கேயே நிறுத்திக்கொண்டேன். இந்த வாக்கியத்தின் பின்னால் போனால் கதை முழுக்க நான்தான் தெரிவேன். சங்கிலிமுத்து தெரிய மாட்டார்.)

மூன்றாவதாக, எந்த அலங்காரமும் இல்லாமல், ஆளைக் கூட்டிவந்து நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

3

சங்கிலிமுத்துவுக்கு அப்போது நாற்பதை நெருங்கிய வயது. அவருடைய அப்பா அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர். இவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். ஊரிலேயே பயமான வேலை அது. அளவு தப்பாமல், பதறாமல், உராயாமல் சலித்துக் கலக்க வேண்டும். சத்தமாகக்கூடப் பேசாத மனிதர் என்பதால் அந்த அறைக்குப் பொருத்தமாக இருந்தார். வள்ளித்தாய் அவர் மனைவி. சினேகா ஒரே மகள், அப்போது ஏழாம் வகுப்பு.

அந்த வருடத் தொடக்கத்தில் அவருக்கு வயிற்றின் இடதுபக்கம் கல்லை வைத்ததுபோல் கனத்தது. இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். ஆள் இளைத்துக்கொண்டே போனார். விருதுநகரில் ஒரு டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார். மதுரையில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மெதுவாக வளரும் வகை, இதற்கு இப்போது மாத்திரை வந்திருக்கிறது, தினமும் தவறாமல் போட்டுக்கொண்டால் நன்றாக வாழலாம் என்றும் சொன்னார்கள். மாத்திரை இலவசமாகக் கிடைக்க ஆஸ்பத்திரியிலேயே ஏற்பாடும் செய்தார்கள்.

மாத்திரை வேலை செய்தது. வயிற்றுக் கனம் போயிற்று. சோறு இறங்கியது. அவர் மறுபடி வேலைக்குப் போனார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையைத் திருநீறு வாங்குவதுபோல் இரண்டு கையையும் சேர்த்து வாங்கிப் போட்டுக்கொள்வாராம்.

ஆஸ்பத்திரியில் அவர் மனதில் தைத்தவை இரண்டு. ஒன்று, நர்ஸ் ஒருமுறை சொன்னது: "கண்ணு மஞ்சளானாலோ, ஒண்ணுக்கு அடர் மஞ்சளாப் போனாலோ உடனே வந்திரணும். மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும்." இன்னொன்று, மல்லாங்கிணறு இருளாண்டி. அதே நோய், அதே மாத்திரை. இருவரும் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர்கள். உடம்பு தேறிவிட்டது, இனி எதற்கு என்று இருளாண்டி தானாகவே மாத்திரையை விட்டுவிட்டார். மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது நோய் கைமீறியிருந்தது. சங்கிலிமுத்து அவருடைய சாவுக்குப் போய்விட்டு வந்தார்.

அதற்குப் பிறகு நர்ஸ் சொன்னதில் உடனே வர வேண்டும் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. கண் மஞ்சளானால் மாத்திரையை நிறுத்துவார்கள் என்பது மட்டும் நின்றது.

4

புரட்டாசி பிறந்தபோது அவர் கண் மஞ்சளாயிற்று.

சீசன் நேரம், லீவு கிடைக்காது என்று சொல்லி மொத்தமாக மாத்திரை வாங்கி வைத்திருந்ததால் அந்தச் சமயம் அவர் மதுரைப் பக்கம் போகவில்லை. சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திரும்பி மறுபடி பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. குனிந்த தலையோடு வேலைக்குப் போய்வந்தார்.

போர்மேன் காளிராஜ்தான் முதலில் கவனித்தான். இவரைவிட இளையவன்.

"என்னண்ணே, கண்ணு இப்படிக் கெடக்கு. போட்டுட்டு வாரீகளா?"

இல்லை என்று சொல்லியிருந்தால், அப்படியானால் இது மஞ்சக்காமாலை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பான். ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரை நிற்கும். இதையெல்லாம் அவர் அந்த நொடியில் யோசித்தாரா, வாயில் தானாக வந்ததா என்பது அவருக்கே தெரியவில்லை.

"ஆமா தம்பி. உடம்பு வலிக்குக் கொஞ்சம்."

காளிராஜ் அவர் கையிலிருந்த சல்லடையை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தான். "இங்கன வேணாம்ணே. லோடு ஏத்துற பக்கம் போயிருங்க."

(முதல் பிரதியில் காளிராஜைக் கெட்டவனாக எழுதியிருந்தேன். எல்லார் முன்னாலும் அவரை அவமானப்படுத்துவதாக ஒரு காட்சி. வாசித்துக் காட்டியபோது வள்ளித்தாய் முகம் சுளித்தாள். "குடிச்சேன்னு சொன்ன ஆள மருந்து ரூம்புல விட்டா அம்புட்டுப் பேரும் போயிருவாக டீச்சர். அந்தப் புள்ள செஞ்சது சரி." அந்தக் காட்சியை எடுத்துவிட்டேன். இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை.)

லோடு ஏற்றுவது அவர் உடம்புக்கு ஆகிற வேலையில்லை. பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு லாரியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பார்த்தவர்கள் அதையும் குடி என்று எடுத்துக்கொண்டார்கள்.

5

செய்தி வீட்டுக்கு வந்தது. வள்ளித்தாய் கேட்டாள். அங்கே சொன்னதையே இங்கேயும் சொன்னார்.

"குடிக்கவே கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாகள்ல?"

"சொன்னாக."

"அப்புறம்?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. தட்டில் சோறு வைப்பாள், மாத்திரையை எடுத்துத் தருவாள், பேச மாட்டாள். அவரைப் பிழைக்க வைக்க அவள் மதுரைக்கும் ஊருக்குமாக அலைந்தவள். அதையெல்லாம் அவரே கொண்டுபோய்ச் சாராயத்தில் கொட்டுகிறார் என்று நினைத்தாள்.

சினேகா இன்னும் மோசம். பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருத்தி அவளிடம் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அப்பா வருவதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அவர் கூப்பிட்டால் காதில் விழாததுபோல் இருப்பாள்.

சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று அவர் ஒரு கால் பாட்டில் பிராந்தி வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில், ஓடைப் பக்கம் நின்று, சட்டைக் காலரிலும் தோளிலும் தெளித்துக்கொள்வார்.

* இந்த இடத்தை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. கோமாளியாக்கிவிடாதே என்று அவள் சொன்னது இந்த இடத்துக்காகத்தான். ஓடைக்கரையில், வேலை முடிந்து களைத்த ஒரு நோயாளி, தன் சட்டைக்குத் தானே சாராயம் தெளித்துக்கொண்டு நிற்கிறார். அவர் அப்போது சிரிக்கவில்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். அவர் அரைவயிறு கஞ்சி குடித்துவிட்டு உள்ளே தரையில் படுத்துத் தூங்கிப்போனார். வள்ளித்தாய் துவைக்கத் துணி எடுத்தாள். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்ததும் பிராந்தி நெடி முகத்தில் அடித்தது. தூர எறியப்போனவள் நின்றாள். மறுபடி முகர்ந்தாள். காலரில் இருந்தது, தோளில் இருந்தது, அக்குளில் இல்லை.

"குடிச்சவன் வேர்வை எப்படி நாறும்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? எங்கய்யா மடியில வளந்தவ நான்."

சட்டையைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தூங்கும் முகத்துக்கு அருகே குனிந்தாள். பிறகு தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"எங்க குடிக்கிறீக?"

"கடைலதான்."

"ஊதுங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார்.

"ஊதுங்கன்னு சொல்றேன்ல."

சின்னப் பிள்ளைபோல் ஊதினார். கஞ்சி வாடை. வேறொன்றும் இல்லை. அவள் அவருடைய பனியனைத் தூக்கிப் பார்த்தாள். வயிற்றிலும் விலாவிலும் நகக்கீறல்கள், பழையதும் புதியதுமாக. காமாலை முற்றினால் உடம்பு அரிக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"எப்பருந்து?"

"புரட்டாசி பெறந்ததுல இருந்து."

"ஏன் சொல்லல?"

"நிறுத்திருவாக வள்ளி. கண்ணு மஞ்சளானா மாத்திரைய நிறுத்திருவாக. இருளாண்டி அண்ணன நெனச்சுப் பாரு. குடிச்சதால மஞ்சளாச்சுன்னா மாத்திரைய யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாகள்ல."

"அதுக்குக் குடிகாரன்னு பேரு எடுத்தீகளா?"

"பேருதான?"

"பேரு போகட்டும். புள்ள ஒங்க மொகத்தப் பாக்காமப் போறாளே, அது தெரியலையா ஒங்களுக்கு?"

அவர் பனியனை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "தெரிஞ்சது. அவ என்னப் பாக்காட்டி என்ன, உசுரோட இருந்தா நான் அவளப் பாத்துக்கிட்டு இருப்பேன்ல."

(இந்த வாக்கியத்துக்குப் பிறகு வள்ளித்தாய் என்ன செய்தாள் என்று நானாக இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கட்டிக்கொண்டு அழுதாள். இன்னொன்றில் கோபப்பட்டாள். பிறகு அவளிடமே கேட்டேன். "கஞ்சி மிச்சம் இருந்துச்சு. சூடு பண்ணிக் குடுத்தேன்" என்றாள்.)

7

மறுநாள் காலை மதுரைக்குப் போனார்கள். பஸ்ஸில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தேன். உண்மையில் வழியெல்லாம் பேசினார்களாம். பேசாத நாட்களுக்கும் சேர்த்துப் பேசினார்கள் என்று அவள் சொன்னாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

டாக்டர் இளம் வயதுப் பெண். கண்ணைப் பார்த்ததும் கேட்டார்: "குடிப்பீங்களா?"

சங்கிலிமுத்து பழக்கத்தில் வாயைத் திறந்தார். அதற்குள் வள்ளித்தாய், "இல்ல டாக்டர். அவுக தொட்டதே இல்ல" என்றாள். அறைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் நோய் அடங்கியிருந்தது. கல்லீரல்* மோசமாக இருந்தது.

* நான் கல்லீரல் என்று எழுதுகிறேன். வள்ளித்தாய் ஈரக்கொலை என்கிறாள். பயத்தில் நடுங்குவதும் அவள் பேச்சில் அதே ஈரக்கொலைதான்.

டாக்டர் திட்டுவார் என்று சங்கிலிமுத்து எதிர்பார்த்தார். நானும் முதலில் திட்டத்தான் வைத்திருந்தேன். டாக்டரோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாராம்.

"உங்க உயிரைக் காப்பாத்துறது இந்த மாத்திரைதான். ஆனா உங்க ஈரல் இதைத் தாங்கல. சில பேருக்கு அப்படி ஆகும். அது உங்க தப்பு இல்ல. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போட்டிருந்தா, நோய் விட்டாலும் ஈரல் விட்டிருக்காது."

"நிறுத்துனா நோய் வந்திராதா டாக்டர்?"

"கொஞ்ச வாரத்துல பெரும்பாலும் வராது. வாராவாரம் ரத்தம் பார்ப்போம். ஈரல் ஆறினதும் குறைச்சலான அளவுல திரும்ப ஆரம்பிக்கலாம்."

"இருளாண்டின்னு ஒருத்தர் நிறுத்தித்தான்..."

டாக்டருக்கு அவரை நினைவிருந்தது. "அவர் எங்களுக்குத் தெரியாம நிறுத்தினார். நீங்க நாங்க பார்த்துக்கிட்டு இருக்கும்போது நிறுத்தப்போறீங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல."

இந்த டாக்டர் இவ்வளவு நல்லவராக இருப்பது கதைக்குப் பலவீனம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். அவரைக் கடுகடுப்பாக மாற்றி எழுதிப் பார்த்தேன். அப்படி எழுதியதில் சங்கிலிமுத்து அவர் பேச்சைக் கேட்காமல் வீட்டுக்குப் போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். செத்தும் போனார். அதனால் இவர் நல்லவராகவே இருக்கட்டும்.

8

மாத்திரை இல்லாத வாரங்கள்.

இதை எழுதுவதுதான் கடினமாக இருந்தது. வெளியே ஒன்றுமே நடக்கவில்லை. தீபாவளி வந்தது, போனது. கம்பெனிக்கு விடுமுறை விட்டார்கள். அவர் வீட்டில் இருந்தார். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு கையும் தாமாகச் சேர்ந்து நீளும். வெறுங்கையைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுக்கொள்வார். வயிற்றின் இடதுபக்கத்தை அமுக்கி அமுக்கிப் பார்ப்பார், கனம் திரும்பிவிட்டதா என்று. "பாதி மாத்திரை மட்டும் குடு வள்ளி" என்று கெஞ்சினாராம். மிச்ச மாத்திரைகளை அவள் அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

சினேகாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆனாலும் அவளால் அப்பாவிடம் பேச முடியவில்லை. முன்பு கோபத்தில் பேசாதவள், இப்போது வெட்கத்தில் பேசவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் வந்தால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவாள்.

ஒருநாள் வள்ளித்தாய் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். சினேகா கண்ணாடி முன் தலை சீவிக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் வந்து நின்றார்.

"சினேகா, அந்த மாத்திரைய அம்மா எங்கன வச்சிருக்கான்னு தெரியுமா?"

சீப்பு நின்றது.

"எனக்குத் தெரியாதுப்பா."

அவளுக்குத் தெரியும். டிரம்முக்குள் கைவிட்டு அரிசியை மேலே மூடியவளே அவள்தான்.

வள்ளித்தாய் குடத்தோடு திரும்பி வந்தபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாத்திரையைத் தேடுவதை மறந்திருந்தார். "அப்பான்னு சொன்னா வள்ளி" என்றார். குடத்தை இறக்கக்கூட விடாமல் மறுபடி சொன்னார். "எனக்குத் தெரியாதுப்பான்னு சொன்னா."

* சினேகா இப்போது பத்தாம் வகுப்பு. இந்தப் பகுதியை அவளிடம் காட்டினேன். "பொய்தான் டீச்சர். ஆனா எத்தன தடவ கேட்டிருந்தாலும் அதத்தான் சொல்லிருப்பேன்" என்றாள்.

9

ஈரல் ஆறியது. கார்த்திகை மாதம் முடிவதற்குள் கண் வெளுத்தது, அரிப்பு நின்றது. குறைந்த அளவில் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார்கள், ஈரலைக் காக்க வேறொரு மாத்திரையையும் சேர்த்து. முதல்நாள் வள்ளித்தாய் எடுத்துக் கொடுத்தபோது அவர் கை நடுங்கியது. இரண்டு மாதிரியான பயமும் ஒன்றாக வந்தது என்று அவர் என்னிடம் சொன்னார். முன்பு மாத்திரை இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் மட்டும்தான் இருந்தது. இப்போது மாத்திரையைப் பார்த்தும் பயம்.

காளிராஜ் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தான். வந்தவன் உட்காரவில்லை.

"நீங்க சொன்னீக, நான் நம்பிட்டேன்ணே."

"நம்பணும்னுதான தம்பி சொன்னேன்."

மருந்து அறைக்கு அவர் திரும்பிப் போகவில்லை. அந்த வேலைக்குக் கை நடுங்கக் கூடாது. கம்பெனி வாசலில் சோதனை போடும் வேலை கொடுத்தார்கள். உள்ளே போகிறவர்கள் தீப்பெட்டியோ பீடியோ செல்போனோ வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். குடித்துவிட்டு வந்திருக்கிறார்களா என்று ஊதச் சொல்லியும் பார்க்க வேண்டும்.

(இதை நான் கற்பனை செய்திருந்தால் மிகையாக இருக்கிறது என்று அடித்திருப்பேன். நடந்ததை அடிக்க மனமில்லை.)

10

இங்கே முடித்திருக்கலாம். ஒரு பிரதியில் முடித்தும்விட்டேன். அதற்குப் பிறகு வாழ்க்கை போய்க்கொண்டே இருந்தது.

குறைந்த அளவு மாத்திரை மூன்று வருடம் தாங்கியது. இந்த வருடம் ரத்தத்தில் நோயணுக்களின் எண்ணிக்கை மெல்ல ஏற ஆரம்பித்திருக்கிறது. அளவைக் கூட்டிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கூட்டினால் ஈரல் தாங்குமா என்று கேட்டதற்கு, பார்த்துக்கொண்டே கூட்டுவோம் என்றாராம். கூட்டியாயிற்று. ரத்தப் பரிசோதனை ஆஸ்பத்திரியில். அதற்கு இடையில் வரும் நாட்களைச் சினேகா எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் கிளம்பும் முன் அப்பாவைத் தெருவெளிச்சத்துக்குக் கூட்டிவந்து கண்ணைப் பார்க்கிறாள்.

நான் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) கூட்டிய அளவை ஈரல் தாங்கிக்கொள்கிறது. சினேகா பிளஸ் டூ முடிக்கிறாள். நர்ஸுக்குப் படிக்கச் சேர்கிற அன்று அவர்

(ஆ) ஐப்பசியில் ஒருநாள் கண்ணின் ஓரத்தில் லேசாக

இரண்டையும் பாதியிலேயே விட்டுவிட்டேன். முதலாவதை எழுதும்போது அவர்களுக்கு லஞ்சம் கொடுப்பதுபோல் இருந்தது. இரண்டாவதை எழுதும்போது கை வரவில்லை. அடுத்த வீட்டில் அவர் இருமுவது சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

போன வாரம் அவர்கள் மூவருக்கும் கதையை வாசித்துக் காட்டினேன். ஓடைக்கரை வந்தபோது சங்கிலிமுத்துதான் முதலில் சிரித்தார். வள்ளித்தாய் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். வாசித்து முடித்ததும் அவர் கேட்டார்.

"கடைசில என்ன எழுதிருக்கீக டீச்சர்?"

"ரெண்டு எழுதினேன். ரெண்டும் சரியா வரல."

"ஒண்ணுல இருப்பேன், ஒண்ணுல இருக்க மாட்டேன். அப்படித்தான?"

நான் தாள்களை மடித்தேன். அவர் சங்கடப்பட்டதுபோல் தெரியவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு விடியட்டும் டீச்சர். பாத்துக்கிருவோம்" என்றார்.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. விடிந்துவிட்டது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் எதிர் வீட்டுச் சுவரைத் தாண்டித் தெருவில் இறங்குகிறது. சங்கிலிமுத்து வாசலுக்கு வந்து வெளிச்சத்தைப் பார்த்து நிற்கிறார். ஒரு பக்கம் பின்னி மறுபக்கம் பின்னாத தலையோடு சினேகா ஓடிவருகிறாள். கட்டைவிரலால் அவர் கீழிமையை மெதுவாக இழுக்கிறாள். "மேல பாருங்கப்பா" என்கிறாள். உள்ளே வள்ளித்தாயின் கை குழாய் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது.

நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். எனக்குக் குரல் மட்டும்தான் கேட்கும். நீங்கள் தெருவில் நிற்கிறீர்கள். கொஞ்சம் அருகே போங்கள். என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அவசரமில்லை. அவர் இமைக்காமல் நிற்பார்.